சூரியப் பிரிவுக்கு ஐம்பது அறிக்கைகள்

இந்தக் கதையின் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுகிற அளவுக்குப் பெரிய சிரிப்பு. ஆனால் அது இப்போது வராது. அவசரக்காரர் எழும்பிப் போய் இஞ்சி தட்டிப் போட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். திரும்பி வரும்போதும் அது வந்திருக்காது. ஏனென்றால் இது நடந்த ஊரில், சிரிப்பு என்பது பகிடியைக் கேட்ட கையோடு வருகிற சாமான் இல்லை.

நோர்வேயின் வடக்கு உச்சியில், வரைபடத்தில் விரல் வைத்தால் நகம் கடலுக்குள் போய்விடுகிற இடத்தில் அந்த ஊர் இருந்தது. அதன் பெயர் நோர்வேக்காரரின் வாய்க்கு மட்டும் அளவெடுத்துத் தைத்தது. இலங்கையின் பருத்தித்துறை முனையை விட்டுவிட்டு அங்கே மீன் ஆலைக்கு வேலைக்கு வந்த முப்பத்தொரு தமிழ்க் குடும்பமும் அதை 'முனை' என்றே கூப்பிட்டன. நவம்பர் இருபத்து மூன்றாம் தேதி அந்த முனையை விட்டு சூரியன் போகும். போனால் ஜனவரி இருபத்தொன்றில்தான் திரும்பும். இடையில் ஐம்பத்தொன்பது நாளும் மத்தியானத்தில் இரண்டு மணி நேரம் வானம் நீலம் கரைத்த தண்ணீராக இருக்கும், பிறகு இருட்டு, பிறகும் இருட்டு, அதற்குப் பிறகு தெருவிளக்கு. சூரியன் போகும்போது ஊரிலுள்ள சிரிப்பையெல்லாம் தன்னோடு கட்டிக்கொண்டு போய்விடும். நவம்பர் கடைசியில் ஒருவர் ஒரு பகிடி சொன்னால், கேட்டவர் தலையை ஆட்டி, "நல்ல பகிடி, ஜனவரியிலை சிரிக்கிறன்" என்பார். ஜனவரி இருபத்தொன்றில் சூரியன் எட்டிப் பார்த்ததும், அவர் எங்கே நின்றாலும், கையில் என்ன இருந்தாலும், அந்தப் பகிடிக்கான சிரிப்பு வந்து சேரும். வரிசை தவறாது. டிசம்பர்ச் சிரிப்பு ஒருநாளும் நவம்பர்ச் சிரிப்பை முந்தாது.

தமிழர் முதலில் இது குளிரால் வந்த தாடைப்பிடிப்பு என்றுதான் நினைத்தார்கள். ஆலையின் மேற்பார்வையாளர் ஒட்வாரிடம் கேட்டபோது, "ஏன், மற்ற ஊர்களில் வேறு மாதிரியா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அதோடு ஆராய்ச்சி முடிந்தது, பழக்கம் தொடங்கியது. சூரியன் வந்த முதல் வாரம் மீன் வெட்டுகிறவர்களுக்கு ஆலையில் கத்தி கொடுக்கமாட்டார்கள், கத்தியும் குலுங்குகிற கையும் சேரக்கூடாது என்று. ஜனவரிச் செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று யாராவது கெக்கெக்கே என்று சிரித்தால், "அது கார்த்திகை மாசத்தது" என்று பக்கத்தில் நிற்பவர் செத்தவரின் சொந்தக்காரருக்குச் சொல்லுவார், அவர்களும் மன்னித்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர், "உனக்கு எத்தினை நிக்குது?" "பதினாலு. உனக்கு?" என்று விசாரித்துக்கொள்ளும்.

ஒரேயொரு பயம் மட்டும் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. ஒரு குளிருக்கு வரவேண்டிய சிரிப்பு அடுத்த குளிரும் தாண்டி வரவில்லையென்றால், அது பிறகு வரவே வராது, அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவையும் வராது. முன்பு முனையில் இருந்த சிவபாதத்தாருக்கு அப்படித்தான் ஆனது. அவர் இன்னும் தெற்கில் எங்கேயோ நல்ல வெயிலில்தான் இருக்கிறார், சாப்பிடுகிறார், நடக்கிறார். அவருக்குப் பகிடி சொன்னால், "விளங்குது" என்று மட்டும் சொல்லுகிறார்.

அருந்தவராசாவுக்குப் போன வருசத்துச் சிரிப்பு வரவில்லை.

போன நவம்பரில் ஒட்வார் ஆலைத் தரையில் வழுக்கி, மீன் தலைகள் நிறைந்த தொட்டிக்குள் பின்பக்கத்தால் போய் உட்கார்ந்து, கால் இரண்டும் மேலே நிற்க, அந்த நிலையிலேயே, "எல்லாரும் வேலையைப் பாருங்கள்" என்று உத்தரவு போட்டார். ஜனவரியில் முழு ஆலையும் அதற்குச் சிரித்தது. அருந்தவராசா மட்டும் வயிற்றில் கை வைத்தபடி நின்றார். மனைவி ரஞ்சிதமலர் மாசி மாதம் முழுக்க அவருடைய நெஞ்சில் காது வைத்துப் பார்த்தாள்.

"கிடக்குதே?"

"கிடக்குது. வரமாட்டன் எண்டுது."

அடுத்த குளிர் வந்தபோது அவர் கட்டிலை விட்டு எழும்புவதையே நிறுத்திவிட்டார். டாக்டர் சுகயீன லீவு கொடுத்தார். சுகாதார நிலையத்துத் தாதி ஒரு பெரிய வெளிச்ச விளக்கைக் கொடுத்து, காலையில் அரை மணி நேரம் அதன் முன்னால் இருக்கவேண்டும், மத்தியான நீலத்தில் தினமும் வெளியே நடக்கவேண்டும், மீனெண்ணெய் ஒரு கரண்டி, ஆட்களோடு பேச்சு என்று சொல்லி அனுப்பினாள். அருந்தவராசா விளக்குக்கு முதுகைக் காட்டிப் படுத்தார். ரஞ்சிதமலர் அவருடைய முதுகைக் கொஞ்ச நாள் பார்த்தாள், பிறகு, வெளிச்சம் வீணாகப் போகக்கூடாதே என்று விளக்கின் முன்னால் மோர்மிளகாய் பரப்பிவிட்டாள். மிளகாய் நன்றாகக் காய்ந்தது. மனுசன் அப்படியே ஈரமாகக் கிடந்தார்.

அவர்களுடைய ஒரே மகள் சாம்பவிக்குப் பதினேழு வயது. அவள் வாயில் முழு ஊரும் குடியிருந்தது. ஒட்வார் மூக்கால் பேசுவது, தமிழ்ச் சங்கச் செயலாளர் குகதாசன் ஒலிவாங்கியை ஊதி ஊதிப் பேசுவது, பாதிரியார் இருமுவது, கடற்புறா ஒரு துண்டுப் பாணுக்குச் சண்டை போடுவது என்று கேட்டதையெல்லாம் அப்படியே திருப்பித் தருவாள். டிசம்பர் மூன்றாம் தேதி பள்ளி இடைவேளையில் மாடிப்படியில் இருந்தபடி, பெரிய யோசனை எதுவும் இல்லாமல், வெறும் கொழுப்பில், தன் இலக்கத்தை மறைத்துக்கொண்டு அப்பாவுக்கு ஒரு அழைப்பு எடுத்தாள்.

தலையணைக்குக் கீழே தொலைபேசி அதிர்ந்தது. அருந்தவராசா பார்த்தார்: இலக்கம் இல்லை. இலக்கம் இல்லாமல் வருவது அரசாங்கம் மட்டும்தான் என்பது முனையிலுள்ள முப்பத்தொரு குடும்பத்துக்கும் தெரியும். படுத்தபடியே காதில் வைத்தார். முதலில் ஒரு பெண் தடித்த குரலில் கடகடவென்று நோர்வேஜிய மொழியில் பேசினாள். அதைத் தொடர்ந்து, நகராட்சி கூப்பிட்டால் எப்போதும் வருவதுபோல, வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிற தமிழில் இன்னொரு பெண் வந்தாள்.

"வணக்கம் ஐயா. நான் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர். இங்கு பேசப்படும் எதையும் நான் வெளியில் சொல்லமாட்டேன். அம்மணி குன்வோர், நகராட்சியின் சூரியப் பிரிவிலிருந்து பேசுகிறார்."

"எந்தப் பிரிவு?"

"சூரியப் பிரிவு ஐயா. சூரியன் வருகிறதா என்று பார்க்கிற உத்தியோகத்தர் ஓய்வு பெற்றுவிட்டார். தாங்கள் இலங்கையில் இப்படியான பணி செய்தவர் என்று எங்கள் கோப்பில் இருக்கிறது."

அருந்தவராசா முழங்கையை ஊன்றினார். "நான் குளத்தடியிலை மழைமானி பாத்தனான். சூரியன் பாக்கேல்லை."

தடித்த குரல் நீளமாக எதையோ கேட்டது. மரண அறிவித்தல் குரல் அதைத் தமிழாக்கியது: "அம்மணி கேட்கிறார், மழை பெய்யாத நாளில் என்ன செய்தீர்கள்?"

இந்தக் கேள்வியை அவரிடம் இருபத்தைந்து வருசமாக ஒருவரும் கேட்டதில்லை. (இந்தக் கேள்வியின் விடையை வீட்டில் நூறு தரம் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக்கிய ஒருத்தி மாடிப்படியில் இருந்தாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?) அவர் கட்டிலில் எழும்பி இருந்தார்.

"மழை இல்லை எண்டு எழுதினன். ஒருக்கா ஏழு மாசம் தொடர்ந்து எழுதினன். இல்லை எண்டதையும் எழுதத்தான் வேணும். எழுதாமல் விட்ட நாள்தான் பிழை."

தடித்த குரல் சுருக்கமாக எதையோ சொன்னது. பிறகு, "அம்மணி சொல்கிறார், அந்த அனுபவம் போதும்."

வேலை இதுதான்: தினமும் பன்னிரண்டு மணிக்கு, பழைய பீரங்கி நிற்கிற மேட்டுக்கு ஏறவேண்டும். தெற்கே கால் மணி நேரம் பார்க்கவேண்டும். பன்னிரண்டேகாலுக்கு அழைப்பு வரும்போது, சூரியன் வந்ததா இல்லையா என்று சொல்லவேண்டும். அருந்தவராசா சவரம் செய்துகொண்டார். இரண்டு காலுறைக்கு மேல் மூன்றாவதையும் போட்டு, இருட்டில் வாகனக்காரருக்குத் தெரிவதற்கான மஞ்சள் அங்கியையும் மாட்டி, ஒரு கொப்பியும் பென்சிலுமாக மேட்டில் ஏறினார். பேனா மை உறைந்துவிடும் என்பது உத்தியோகத்தருக்குத் தெரியாதா என்ன.

மூன்று மணிக்கு ஆலையால் வந்த ரஞ்சிதமலர் வாசலில் ஈரச் சப்பாத்தைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, வெளியிலை போனியளோ?"

"ஓம். அலுவல்."

"என்ன அலுவல்?"

"அதைச் சொல்லேலாது. மொழிபெயர்ப்பாளர் சத்தியம் பண்ணியிருக்கிறா."

அவள் நேரே மகளின் அறைக்குப் போனாள். அந்த வீட்டில் விளங்காத ஒன்று நடந்தால் அதன் வேர் அந்த அறையில்தான் இருக்கும். இரண்டு நிமிடத்தில் முழுக்கதையும் வெளியே வந்தது. ரஞ்சிதமலர் கதவைச் சாத்தினாள்.

"பெத்த தேப்பனை விசராக்கிறியோடி? கொண்டுபோடுவன் உன்னை."

"சொறி அம்மா. இனி எடுக்கமாட்டன்."

"எடுக்கமாட்டாயோ? நாளைக்குப் பன்னிரண்டேகாலுக்கு எடுக்காமல் விட்டுப் பார்." சமையலறைக்குப் போய் நாட்காட்டியில் ஜனவரி இருபத்தொன்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அன்றைக்குத் தனக்கு வரப்போகிற சிரிப்பின் கணக்காக, 'பெரிசு' என்று எழுதினாள்.

நான்கு நாளில் முழு முனைக்கும் தெரிந்துவிட்டது. வேறு எந்த ஊராக இருந்தாலும் ஐந்தாம் நாள் யாராவது ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார், குட்டு வெளிப்பட்டிருக்கும். முனையில் அந்தக் கரைச்சல் இல்லை. சிரிப்புகள் எல்லாம் சூரியனோடு போயிருந்தபடியால், ஒருத்தர் முகத்திலும் ஒரு சுருக்கம் இல்லை. தெருவில் அவரைக் கண்டால், "என்ன அண்ணை, இண்டைக்கு வந்ததோ?" என்று இழவு வீட்டு முகத்தோடு கேட்டார்கள். அவரும், "இல்லைத் தம்பி. ஆனா நேற்றையைவிட வெளிச்சம் ரெண்டு விரற்கடை கூட" என்று இழவு வீட்டு முகத்தோடு பதில் சொன்னார். கடன் வைத்த சிரிப்புகள் ஒவ்வொரு வயிற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

அறிக்கைகள் முதலில், 'சூரியன் வரவில்லை. ஒப்பம்: அருந்தவராசா' என்று மட்டும் இருந்தன. ஒன்பதாவது நாளில், 'வரவில்லை. தெற்கில் நாவற்பழ நிறம்' என்று வந்தது. பதினாலாவது நாளில், 'வரவில்லை. கடலின் ஓரத்தில் மயில்கழுத்து நீலம், ஒரு படகு, அதில் மூன்று விளக்கு.' வானம் முழுக்க ஒரே இருட்டு என்று நினைத்துச் சுவரைப் பார்த்துக் கிடந்த மனுசன், இப்போது பதினேழு வகை நீலத்துக்குப் பெயர் வைத்திருந்தார். கத்தரிப்பூ, கழுவின சிலேட்டு, பள்ளிச் சட்டைக்குப் போட்ட சொட்டுநீலம் என்று. சாம்பவி மாடிப்படியில் இருந்து அதையெல்லாம் தடித்த குரலில், "யா, யா" என்று கேட்டு, மெல்லிய குரலில், "அம்மணி அதைக் குறித்துக்கொண்டார்" என்றாள். உண்மையாகவே தன் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டும் இருந்தாள்.

முதலில் அவரோடு மேட்டுக்கு ஏறியவர் குகதாசன். அவருக்கு ஒரு நிர்வாகப் பிரச்சினை இருந்தது. "அண்ணை, ஜனவரி பதினாலாந் தேதி பொங்கல். சூரியன் இல்லை. பானையை எந்தப் பக்கம் பாத்து வைக்கிறது? போன வருசம் கிழக்கை பாத்து வைச்சு, அங்கை பெற்றோல் நிலையம்தான் நிண்டது. நீங்கள் இப்ப உத்தியோகத்தர், எழுத்திலை தாங்கோ." அருந்தவராசா நான்கு நாள் அவகாசம் கேட்டார். பிறகு எழுத்தில் கொடுத்தார்: 'தெற்கு. சூரியன் லீவில் நிற்கிறது, வேலையை விட்டுப் போகவில்லை.' அந்தப்படியே பதினாலாம் தேதி பள்ளி மண்டபத்தில் தெற்குப் பார்த்துப் பானை வைத்தார்கள். பால் பொங்கிய ஆவிக்குத் தீ அபாய மணி அடித்தது. தீயணைப்புக்காரர் வந்து, குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு தட்டுப் பொங்கல் சாப்பிட்டார்கள்.

குகதாசனுக்குப் பிறகு ஒட்வார் மதிய இடைவேளையில் கோப்பிப் போத்தலோடு ஏறினார். பிறகு மூன்றாம் வீட்டுப் பெண்கள் உளுந்து வடையோடு. பாதிரியார் இருமிக்கொண்டு. புதுவருசம் பிறந்தபோது இருபத்திரண்டு பேர் பீரங்கியைச் சுற்றி நின்று, இல்லாத சூரியனை, வாய் நிறைய வடையோடு, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் குளிரில் சுகாதார நிலையத்தில் நான்கு விளக்குகள் எடுப்பார் இல்லாமல் கிடந்தன.

ஜனவரி ஆறாம் தேதி பனிப்புயல் அடித்தது, ஆலையும் பூட்டிக் கிடந்தது. அன்று சாம்பவியின் தொண்டை கட்டிவிட்டது. முழு ஊரும் குடியிருந்த தொண்டையில், அன்று ஒரு காற்றுக்கூட இல்லை. பன்னிரண்டேகாலுக்கு அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அப்பாவின் கட்டிலில் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். அப்பா திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால்? ரஞ்சிதமலர் அடுப்படியில் நின்றாள். கட்டில் காலியாக இருந்தது. ஒரு மணிக்கு வாசல் கதவு திறந்து, ஒரு பனிக்கட்டி மனிதன் உள்ளே வந்து, மஞ்சள் அங்கியை உதறினான்.

"அழைப்பு வரேல்லை," என்றார் அருந்தவராசா. "நான் பாத்திட்டு எழுதிப்போட்டு வந்திட்டன். 'ஒண்டும் தெரியேல்லை. என்ரை கையே தெரியேல்லை.'"

"அவையள் ஏன் எடுக்கேல்லையாம்?" என்று ரஞ்சிதமலர் சட்டியைப் பார்த்துக் கேட்டாள்.

"குன்வோர் அம்மணிக்கும் லீவு, மொழிபெயர்ப்பாளருக்கும் லீவு. இந்த நாட்டிலை எல்லாரும் ஒரே நேரத்திலைதான் லீவு எடுப்பினம்." அவர் மகளின் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "பிள்ளைக்கும் தொண்டையோ? பொறு, மல்லித்தண்ணி வைச்சுத் தாறன். ஊர் முழுக்க ஒரு தொண்டைக் காய்ச்சல் திரியுது போலை."

அவரே இஞ்சி தட்டி, மல்லி வறுத்துப் போட்டு, கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து மகளுக்குக் கொடுத்தார். சாம்பவி குடித்தாள். வயிற்றில் ஒரு சிரிப்பின் மேல் இன்னொரு சிரிப்பாக ஏறி, இருக்க இடமில்லாமல், அவளுக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது.

ஜனவரி இருபதாம் தேதி நாற்பத்தொன்பதாவது அறிக்கையையும் கொடுத்துவிட்டு வந்த அருந்தவராசா, ரஞ்சிதமலரிடம் கேட்டார்:

"ரஞ்சி, நாளைக்கும் வராட்டி?"

"சூரியனோ?"

"மற்றது."

அவளுக்குச் சிவபாதத்தாரின் முகம் நினைவில் வந்தது. "நாளைக்கு நீங்கள் டியூட்டியிலை நிக்கிறியள்," என்றாள். "டியூட்டியைப் பாருங்கோ."

அடுத்த நாள் ஆலையில் கத்திகளைப் பூட்டினார்கள். பள்ளிக்கு விடுமுறை. நோர்வேக்காரப் பெண்கள் வருசா வருசம் செய்வதுபோல ஜாம் வைத்த பணிஸ் சுட்டு எடுத்துக்கொண்டும், தமிழ்ப் பெண்கள் வாய்ப்பனும் றொட்டியுமாகவும், மொத்த முனையும் பீரங்கி மேட்டில் ஏறி நின்றது. முகில் இல்லை. பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் கடலின் விளிம்பில் ஒரு செம்பு நூல் தெரிந்தது, நூல் பிரிந்து நகக்கண் ஆனது, மேட்டில் நின்ற முந்நூறு பேருக்கும் ஐம்பத்தொன்பது நாளுக்குப் பிறகு பனிமேல் நீளமாக நிழல் விழுந்தது.

சிரிப்புகள் வரத் தொடங்கின. முதலில் நவம்பர்க்காரர். பாதிரியார் ஒரு இருமலுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஹோஹோ என்றார். குகதாசன் ஊதி ஊதிச் சிரித்தார். மூன்றாம் வீட்டுப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்தார்கள். அவை முடிய முடிய டிசம்பர்ச் சிரிப்புகள் வந்தன. வந்தவர்கள் எல்லாரும் அருந்தவராசாவின் மஞ்சள் அங்கியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். ஒரு கையை வயிற்றில் வைத்தார். அங்கே ஒன்றும் அசையவில்லை. மற்றக் கையால் எழுதினார்: 'ஐம்பதாவது அறிக்கை. சூரியன் வந்தது. 11.52. ஒப்பம்: அருந்தவராசா.'

பன்னிரண்டேகாலுக்குத் தொலைபேசி அடித்தது.

சாம்பவி நாற்பது அடி தள்ளி, பீரங்கிக்குப் பின்னால் குந்தியிருந்தாள். எல்லாவற்றையும் அழகாக முடித்துவைப்பதாகத்தான் அவளுடைய திட்டம்: அம்மணி நன்றி சொல்லுவாள், உத்தியோகத்தரைக் கௌரவமாக ஓய்வில் அனுப்புவாள், யாருக்கும் வெட்கமில்லை. நவம்பர்ச் சிரிப்புகள் பதினாறையும் கையுறையைக் கடித்துக்கொண்டு எப்படியோ முடித்திருந்தாள். தடித்த குரல் தொடங்கியது, மெல்லிய குரல் தொடர்ந்தது.

"வணக்கம் ஐயா. அம்மணி குன்வோர் சொல்கிறார், தங்களுடைய அரும்பெரும் சேவைக்கு நகராட்சி..."

அவளுடைய டிசம்பர் மூன்று வந்து சேர்ந்தது.

யாருடைய குரலையும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்; சிரிப்பு மட்டும் இரவல் கிடையாது. முதலில் ஒரு விக்கல். பிறகு கேத்தில் கொதித்து விசிலடிக்கிற மாதிரி நீளமாக ஒரு இழுப்பு. அந்த இழுப்பு முடியும் என்று நினைக்கிற இடத்தில், நாய் குரைத்த மாதிரி மூன்று வெடி.

அருந்தவராசா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அந்தச் சிரிப்பை அவருக்குத் தெரியும். அது அவருடையது. மூக்கையும் பெருவிரலையும் கொடுத்தபோது கூடவே மகளுக்குக் கொடுத்தது. தன் வாயிலிருந்து ஒரு வருசத்துக்கு மேலாக அவர் கேட்காதது. இப்போது ஒரு காதால் தொலைபேசிக்குள்ளிருந்தும், மற்றக் காதால் பீரங்கிக்குப் பின்னாலிருந்தும் அது வந்துகொண்டிருந்தது. விக்கல், கேத்தில், மூன்று வெடி. விக்கல், கேத்தில், மூன்று வெடி.

அவர் பீரங்கியைப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். ஐம்பது ஒப்பம். குகதாசனைப் பார்த்தார்; குகதாசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாட்காட்டியில் இருந்த 'பெரிசு' என்ற எழுத்து, ஆறாம் தேதித் தொண்டை, அன்று தன் கையாலேயே வைத்துக் கொடுத்த மல்லித்தண்ணிக் கோப்பை, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவர் முன்னால் வரிசையில் நின்றன. பீரங்கிக்குப் பின்னால் இருந்து, கண்ணெல்லாம் தண்ணீராக, கையில் தொலைபேசியோடு சாம்பவி எழும்பி நின்றாள்.

"அப்பா..."

"குன்வோர்?" என்றார் அருந்தவராசா.

அவருடைய மஞ்சள் அங்கியின் நடுப் பொத்தான் ஒருக்கா ஆடியது. ஒரு விக்கல் வந்தது. அவர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து, கூட்டத்துக்குள் ஒட்வாரைத் தேடினார். கண்டதும், மீன் தலைத் தொட்டியும், அதற்குள் ஒட்வாரும், மேலே நின்ற இரண்டு காலுமாக, ஒரு வருசமும் இரண்டு மாதமும் பிந்திய கேத்தில் அவருக்குள் விசிலடிக்கத் தொடங்கியது. ஒட்வார் இரண்டு கையாலும் தன் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டார். அருந்தவராசா பனியில் குந்திவிட்டார். குந்தியபடியே, மூச்சு முட்டமுட்ட, பென்சில் பிடித்த விரலை மகளுக்கு நேரே உயர்த்தினார்.

"பொறடி, பொறு... இது போன வருசத்தது. உன்ரை இன்னும் வரேல்லை."